பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

தென்னாப்பிரிக்கக் கடலோர நகரமான டர்பனின் உப்புக்காற்று, வண்டிகளின் எர்த் இணைப்பை (பேட்டரியின் நெகட்டிவை இன்ஜின் உடலோடு சேர்க்கும் கேபிளை) எப்படி அரித்துவிடுகிறது என்பதை, நேற்று அங்குள்ள சாட்ஸ்வொர்த்தில் அண்ணனின் லாரியில் மறுபடியும் பார்த்தேன். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே கேட்டது. பேட்டரியை மாற்றுமாறு ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால், தொடராக இணைந்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் சேர்ந்து 25.2 வோல்ட் காட்டியதோடு, ஸ்டார்ட் செய்ய முயன்றபோதும் 24-க்குக் கீழே இறங்கவில்லை. மின்சாரம், இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்குச் சரியாகப் போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடலிலும் வைத்து, அண்ணனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 11 வோல்ட் காட்டியது. எர்த் கேபிளைக் கழற்றியபோது, செப்பு முனைக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் தடவியதும் வண்டி உடனே கிளம்பியது.

இத்தகைய பழுதை மீட்டரின் ஓம் (மின்தடை) அளவையில் மட்டும் சோதிப்பதை நான் ஏற்பதில்லை. கேபிளின் நூறு இழைகளில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அந்த அளவை ஏறத்தாழச் சுழியத்தையே காட்டும். ஸ்டார்ட்டர் மின்சாரத்தை இழுத்து, கேபிளில் சுமை ஏறும்போதுதான் உண்மை வெளிப்படும்.