எண்ணூருக்குப் போனேன், உண்ணியோடு திரும்பினேன்

நேற்று ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் மிளகு மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது. காய்ந்த சேறு என்று நினைத்துச் சுரண்டினால், கால் அசைக்கிறது. உண்ணி! அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் வடசென்னையில் இருக்கும் எண்ணூர் போக பத்து ரூபாய்கூட ஆகவில்லை. ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரத்துக்கு ஆட்டோ 250 ரூபாய். "ரிட்டன் சவாரி கெடைக்காது சார்" என்றார். மொத்த பட்ஜெட்டே 500. பகல் கொள்ளை.

ஆனால் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் பறியை (பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் கூடை) வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் துழாவுகிறார்கள். படமெடுக்க அரை டிரவுசரோடு புல்லில் உட்கார்ந்தேன். "அங்க குந்தாத கண்ணு, ஆட்டு உண்ணி ஏறிக்கும்" என்று ஆடு மேய்த்த ஆயா சொன்னார். நான் கேட்டால்தானே?

வரிசையாக டிப்ஸ் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் அந்த நெத்திலி வறுவல் குறுக்கே வருகிறது. ரோட்டோரக் கடை, 60 ரூபாய், முள்ளும் மொறுமொறு. மூன்று தட்டு. பட்ஜெட் காலி.

சரி, உண்ணிக்கு வருவோம். அது பறக்காது, குதிக்காது. புல் நுனியில் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் தொற்றிக்கொள்ளும். வெளிர் நிறத்தில் முழு பேன்ட் போட்டு, நுனியை சாக்ஸுக்குள் செருகியிருந்தால் ஏறுவது கண்ணில் பட்டிருக்கும். டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவியிருக்கலாம். ஒரு பாயாவது விரித்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் குளித்தது மட்டும்தான் நான் உருப்படியாகச் செய்தது. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்.

அப்பா மண்ணெண்ணெய் பாட்டிலோடு வந்தார். வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் கூடாது. தங்கையின் புருவ பிளக்கரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்தேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது இந்த உண்ணி இல்லை. அதே மாதிரிப் புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு வரலாம். அதனால் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், புல்லில் உட்கார்ந்த கதையை டாக்டரிடம் முதலில் சொல்லப்போகிறேன். காலண்டரில் தேதி குறித்தாயிற்று. பிளக்கரை வெந்நீரில் போட்டுக் கழுவித் தந்தும் தங்கை தொடமாட்டேன் என்கிறாள்; புதுசுக்கு இன்னும் 80 ரூபாய்.