31 வெற்றிக்கு 13ஆம் சீடு: மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் கடைசி இடம் யாருக்கு?

2024இல் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக மகளிர் அணி 31 ஆட்டம் ஜெயித்து, ஒன்றே ஒன்றில் தோற்று, அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தேசியப் போட்டிக்கு வந்தது. கிடைத்தது 13ஆம் சீடு, அதாவது போட்டி வரிசையில் கீழ்ப்பகுதி (1ஆம் சீடுதான் உச்சம்). முதல் சுற்றிலேயே இந்தியானா 89-56 என்று அடித்து அனுப்பியது. அதே ஆண்டில் பத்து, பதினொரு தோல்வியோடு வந்த அணிகள் பட்டியலில் அதற்கு மேலே உட்கார்ந்திருந்தன. "இத்தனை ஜெயிச்சிருக்காங்களே, இவங்களுக்கு இல்லாம வேற யாருக்கு?" என்று வருஷா வருஷம் மார்ச்சில் கேட்கிறவர்கள் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். வெற்றிகளின் எண்ணிக்கையை, அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பார்க்காமல் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு அணியையும் உள்ளே விடுவதில்லை.

கணக்கு இப்படி. மொத்தம் 68 அணிகள். 1982இல் 32ஆகத் தொடங்கி, 1994இல் 64 ஆகி, 2022இல் 68 ஆனது. 2025இல் இதில் 31 இடம் கான்ஃபரன்ஸ் (சீசன் முழுக்கத் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டம்) சாம்பியன்களுக்கு நேரடியாகப் போனது. மீதி 37ஐத் தேர்வுக் குழு கொடுத்தது. அந்த 37இல் முதல் முப்பதைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் கடைசி ஆறேழு இடத்துக்குத்தான். அந்த ஓரத்தைத்தான் 'பபிள்' என்கிறார்கள். கடைசியாக உள்ளே வரும் நான்கு அணிகள் 'முதல் நான்கு' என்ற தகுதிச் சுற்று ஆட வேண்டும். உள்ளே வந்தும் இன்னும் உள்ளே வராத நிலை அது.

குழு முதலில் கையில் எடுப்பது நெட் தரவரிசை. (கிரிக்கெட்டின் நெட் ரன் ரேட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், சம்பந்தமே இல்லை.) மகளிர் ஆட்டத்தில் 2020-21 சீசனில் பழைய ஆர்பிஐ தரவரிசையைத் தூக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். ஆர்பிஐ வெறும் வெற்றி விகிதக் கணக்கு: உன் வெற்றி விகிதம் 25 சதவீதம், உன் எதிரணிகளுடையது 50, அவர்களின் எதிரணிகளுடையது 25. எப்படி ஆடினாய் என்பதே அதில் வராது. நெட் அப்படியல்ல. எத்தனை முறை பந்து கையில் இருந்தது, அதில் எத்தனை புள்ளி எடுத்தாய், எத்தனை கொடுத்தாய், எதிரணி எவ்வளவு பலம், ஆட்டம் எங்கே நடந்தது எல்லாம் சேரும்.

இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. நெட் 38 என்றால் உள்ளே, 52 என்றால் வெளியே என்று பலர் கோடு போட்டுவிடுகிறார்கள். குழு அப்படிச் செய்வதில்லை. நெட்டின் முக்கிய வேலை உன்னை வரிசைப்படுத்துவதல்ல, உன் எதிரணிகளை வரிசைப்படுத்துவது. பலவீனமான அணிகளை 40 புள்ளி வித்தியாசத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் நெட்டில் மேலே ஏறலாம். ஆனால் குழுவின் கையில் இருக்கும் உன் அணியின் விவரத் தாளைத் திறந்து பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வெற்றி இருக்காது. அலங்காரமான அட்டை, உள்ளே வெற்றுத் தாள்.

உள்ளே இருக்கும் தாள்தான் குவாட் கணக்கு: ஒவ்வொரு ஆட்டத்தையும் எதிரணியின் நெட் இடத்தையும் அரங்கையும் வைத்து நான்கு வகையாகப் பிரிப்பது, குவாட் 1தான் கடினமானது. மகளிருக்கான எல்லைகளைத் தெரிந்துகொள்ளாமல் பேசக்கூடாது, ஏனென்றால் ஆண்களுடையதைவிட இவை ரொம்பக் குறுகல். சொந்த அரங்கில் நெட் 1 முதல் 25 வரையுள்ள அணியோடு ஆடினால்தான் குவாட் 1. இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத பொது அரங்கில் 35 வரை, எதிரணி அரங்கில் 45 வரை. ஆண்களுக்கு இதே எல்லைகள் 30, 50, 75. குவாட் 2 சொந்த அரங்கில் 55 வரை, பொது அரங்கில் 65, வெளியே 80. குவாட் 3 முறையே 90, 105, 130. அதற்குக் கீழே எல்லாம் குவாட் 4.

ஏன் இவ்வளவு குறுகல்? மகளிர் ஆட்டத்தில் திறமை மேல்மட்டத்தில் அதிகம் குவிந்திருக்கிறது. 60ஆவது அணியின் அரங்குக்குப் போய் ஜெயிப்பது ஆண்கள் ஆட்டத்தில் இருக்கும் அளவுக்குக் கஷ்டமில்லை. நியாயமான காரணம்தான். அதன் விலையைக் கொடுப்பது சின்ன கான்ஃபரன்ஸ் அணிகள். அவர்களின் கான்ஃபரன்ஸில் முதல் 45க்குள் இன்னொரு அணி இல்லையென்றால், ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஒரு குவாட் 1 ஆட்டம்கூடக் கிடைக்காது.

இன்னொரு சங்கடம், இந்த எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். டிசம்பரில் சொந்த அரங்கில் 22ஆம் இடத்து அணியை ஜெயித்தாய், குவாட் 1 வெற்றி. அந்த அணி பிப்ரவரியில் தொடர்ந்து தோற்று 26க்குச் சரிந்தால், உன் வெற்றி ஒரே இரவில் குவாட் 2 ஆகிவிடும். நீ ஒன்றுமே செய்யவில்லை. அதனால் எல்லைக்கு மூன்று நான்கு இடம் இப்படி அப்படி இருக்கும் வெற்றிகளைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது. 25ஐயும் 26ஐயும் வேறு வேறு ஜாதியாக நினைப்பவர்கள் குழுவிலும் அதிகம் இருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இப்போது இரண்டு கற்பனை அணிகளை எடுத்துக்கொள்வோம். 'அ' அணி சின்ன கான்ஃபரன்ஸ், 25-6 (வெற்றி-தோல்வி). 'ஆ' அணி பெரிய கான்ஃபரன்ஸ், 19-12. இரண்டுக்கும் நெட் நாற்பதுகளின் முன்பாதியில்.

அ அணி: குவாட் 1இல் 1-3, குவாட் 2இல் 2-1, குவாட் 3இல் 5-1, குவாட் 4இல் 17-1.
ஆ அணி: குவாட் 1இல் 3-9, குவாட் 2இல் 4-2, குவாட் 3இல் 3-1, குவாட் 4இல் 9-0.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பபிளில் இருக்கும் ஒரு சராசரி அணியைக் கூட்டிவந்து இதே அட்டவணையை ஆடச் சொன்னால் எத்தனை ஜெயித்திருக்கும்? அதைவிட இவர்கள் கூட ஜெயித்தார்களா, குறைய ஜெயித்தார்களா? 'பபிளுக்கு மேல் வெற்றிகள்' என்ற அளவுகோலின் சாரம் இவ்வளவுதான். ஆண்கள் குழுவுக்கு அடுத்தபடியாக 2025-26 சீசனிலிருந்து மகளிர் குழு பார்க்கும் விவரத் தாளிலும் இது வந்துவிட்டது.

கையால் போட்டுப் பார்க்கலாம். பபிள் அணி குவாட் 1 ஆட்டத்தில் 25 சதவீதம், குவாட் 2இல் 50, குவாட் 3இல் 75, குவாட் 4இல் 95 சதவீதம் ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தோராயம்தான், கணக்கு புரிவதற்காக.

அ அணியின் அட்டவணையில் பபிள் அணிக்கு எதிர்பார்க்கக்கூடியது 1.0 + 1.5 + 4.5 + 17.1, ஆக 24.1 வெற்றி. அ ஜெயித்தது 25. கூடுதல் 0.9.

ஆ அணியின் அட்டவணையில் 3.0 + 3.0 + 3.0 + 8.55, ஆக 17.55. ஆ ஜெயித்தது 19. கூடுதல் 1.45.

பன்னிரண்டு தோல்வி அணி முன்னே நிற்கிறது! சரி, எங்கே கோட்டைவிட்டது அ? அந்த ஒரே ஒரு குவாட் 4 தோல்வி. அதில் ஜெயித்திருந்தால் 26 வெற்றி, கூடுதல் 1.9, ஆவைத் தாண்டியிருக்கும். 95 சதவீதம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ஜெயித்தால் கிடைப்பது 0.05, தோற்றால் போவது 0.95. சின்ன கான்ஃபரன்ஸ் அணிக்கு இப்படிப்பட்ட ஆட்டம் பதினெட்டு. ஒவ்வொன்றிலும் லாபம் சில்லறை, நஷ்டம் முழு நோட்டு. ஆவுக்கோ அப்படி ஒன்பது ஆட்டம்தான். அதோடு அது குவாட் 1இல் ஒன்பது முறை தோற்றும் பெரிதாக எதையும் இழக்கவில்லை, ஒவ்வொரு தோல்விக்கும் கால் வெற்றிதான் கழிகிறது.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. குவாட் 1 என்று ஒரே பையில் போட்டதில், முதலிடத்து அணியின் அரங்கில் ஆடியதும் 44ஆம் இடத்து அணியின் அரங்கில் ஆடியதும் ஒன்றாகிவிட்டன. முன்னதில் பபிள் அணிக்குப் பத்து சதவீதம்கூடத் தேறாது, பின்னதில் நாற்பது தேறலாம். ஆவின் மூன்று வெற்றிகளும் 40 முதல் 45க்குள் இருக்கும் அணிகளோடு என்றால் என் மரியாதை குறையும். ஒன்றாவது முதல் பத்துக்குள் இருந்தால் ஏறும். எனவே குவாட் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் ஒவ்வொரு வெற்றியின் பக்கத்திலும் எதிரணியின் இடத்தையும் அரங்கையும் எழுதிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

நிஜத்தில் அ அணியின் கதிக்கு 2025இன் ஜேம்ஸ் மேடிசன் நல்ல உதாரணம். சன் பெல்ட் கான்ஃபரன்ஸில் 18-0, ஒரு தோல்வி இல்லை. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் ஆர்கன்ஸா ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. நேரடி இடம் போனது. குழுவும் எடுக்கவில்லை. வெர்ஜீனியா டெக், கொலராடோ, செயின்ட் ஜோசப்ஸ் ஆகியவற்றோடு மயிரிழையில் வெளியே விடப்பட்ட நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது.

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு, ஆனால் அது மார்ச்சில் கிடைக்காது, முந்தைய கோடையில் அட்டவணை போடும்போது செய்ய வேண்டியது. பெரிய கான்ஃபரன்ஸ் அணிகள் சின்ன அணியின் அரங்குக்கு வர மாட்டார்கள். தோற்றால் மானம் போகும், ஜெயித்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதனால் நவம்பரில் பொது அரங்கில் நடக்கும் பல அணிப் போட்டிகளுக்குப் போவதும், பலமான அணிகளின் அரங்குக்கே போய் ஆடுவதும்தான் வழி. ஐவி லீக் (ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸ்) அணிகள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டன. 2023இல் அவற்றில் ஒன்றான கொலம்பியாவை வெளியே விட்டார்கள். 2024இல் தகுதிச் சுற்றில் வாண்டர்பில்ட்டிடம் தோற்றது. 2025இல் ஐவி இறுதியில் ஹார்வர்டிடம் தோற்றும் குழு எடுத்தது. தகுதிச் சுற்றில் வாஷிங்டனை 63-60 என்று ஜெயித்தது. அந்த ஆண்டு ஐவிக்கு மூன்று இடம்: ஹார்வர்ட், கொலம்பியா, பிரின்ஸ்டன்.

அதே ஆண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களில் பிக் டென்னுக்கு 12 இடம், எஸ்இசிக்கு 10. "ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து பன்னிரண்டா?" என்று கொதிப்பவர்கள் உண்டு. கான்ஃபரன்ஸுக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு எதுவும் கிடையாது. குழு உறுப்பினர் தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அறையைவிட்டு வெளியேற வேண்டும். என் குறை வேறு இடத்தில். பெரிய கான்ஃபரன்ஸ் அணிக்கு நல்ல வெற்றிக்கான வாய்ப்பு தானாகவே பன்னிரண்டு முறை வருகிறது. பன்னிரண்டில் மூன்று ஜெயித்ததைப் பாராட்டும்போது, நான்கில் ஒன்று ஜெயித்தவரும் அதே விகிதம்தான் என்பது மறந்துவிடுகிறது.

இதில் பணமும் இருக்கிறது. 2025இலிருந்து மகளிர் போட்டியிலும் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ப யூனிட் கணக்கில் பணம் தருகிறார்கள். முதல் ஆண்டு நிதி 1.5 கோடி டாலர், 132 யூனிட், ஒன்றுக்குச் சுமார் 1,13,000 டாலர், அது போவது கான்ஃபரன்ஸுக்கு.

கடைசி வாரத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. எப்படியும் உள்ளே வரக்கூடிய அணி தன் கான்ஃபரன்ஸ் இறுதியில், வேறு வழியில் வந்திருக்கவே முடியாத அணியிடம் தோற்றால், ஒரு கான்ஃபரன்ஸுக்கு இரண்டு இடம் போய்விடும். பபிளில் ஒன்று குறையும். தன் ஆட்டம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் அணியின் கதை அப்படித்தான் பலமுறை முடிகிறது. மயிரிழையில் வெளியே விடப்பட்ட நான்கு அணிகளுக்கு, 2024இல் தொடங்கிய 32 அணிகளின் டபிள்யூபிஐடி போட்டியில் முதல் சீடு கிடைக்கும். அவ்வளவுதான் ஆறுதல்.

மீதி அளவுகோல்களில் நான் உண்மையாகவே எடை கொடுப்பது ஆட்கள் இருந்தார்களா என்பதற்கு. காயம் பட்டு முக்கிய வீராங்கனை இல்லாதபோது வந்த தோல்வியைக் குழு தனியாகப் பார்க்கலாம், விதியிலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: இந்த வெற்றிகளையெல்லாம் எடுத்துத் தந்தவர் பிப்ரவரியில் முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டால், மார்ச்சில் வரப்போவது வேறு அணி. 1998இல் ஸ்டான்ஃபோர்ட் முதல் சீடாக வந்தது, ஆனால் கடைசி நேரத்தில் இரண்டு முக்கிய வீராங்கனைகளைக் காயத்துக்கு இழந்திருந்தது. 16ஆம் சீடு ஹார்வர்ட் 71-67 என்று தூக்கிவிட்டது.

ஆகவே அந்தக் கற்பனை மேஜையில் என் வாக்கு, இப்போதைக்கு, ஆ அணிக்கு. அந்தக் குவாட் 4 தோல்வி நடந்த இரவில் அ அணியின் முதல் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் வீராங்கனை) காயத்தோடு வெளியே இருந்தார், இப்போது திரும்பிவிட்டார் என்று யாராவது மருத்துவ அறிக்கையை நீட்டினால், வாக்கை மாற்றிக்கொள்வேன்.