'ரோஸ்வுட்' என்ற ஒரு வரியால் கிடங்கில் கிடந்த சரக்கு

ஒருவழியாகச் சரக்கு கப்பல் ஏறிவிட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், மரக் கைவினைப் பொருள் ஏற்றுமதி செய்கிற யாருக்காவது பயன்படும்.

ஜெர்மனியில் ஒரு கடைக்கு ஈட்டி (ரோஸ்வுட்) மர நகைப்பெட்டிகளும் சகாரன்பூர் சீஷம் மரத் தட்டுகளும் சேர்த்து அனுப்பினோம். இரண்டும் டல்பெர்ஜியா என்ற ஒரே தாவரப் பேரினம்தான். 2017 ஜனவரியிலிருந்து அந்தப் பேரினம் கிட்டத்தட்ட முழுதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஈட்டிக்கு விருக்ஷ் சான்று (மரம் சட்டப்படி வாங்கியது என்று காட்ட, சைட்டிஸ் அனுமதிக்குப் பதிலாக இங்கே தரும் தாள்) கையில் இருந்தது. வாங்குபவரும் அங்கே இறக்குமதி அனுமதி எடுத்துவிட்டார்.

கோளாறு, நமக்காகச் சுங்கப் பேப்பர் வேலை பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நடந்தது. மரவாரியாகத் தாவரப் பெயர் போட்டு நான் கொடுத்த பேக்கிங் லிஸ்டை, அங்கிருந்த பையன் சுருக்கி 'ரோஸ்வுட் கைவினைப் பொருட்கள்' என்று ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி விவரத் தாள்) ஒரே வரியாக ஏற்றிவிட்டான். சீஷத்தையும் வியாபாரத்தில் ரோஸ்வுட் என்பார்களே, அவனுக்கு உறுத்தவில்லை. சுங்க அதிகாரிக்கு உறுத்தியது. சான்றில் ஈட்டியின் எடை மட்டும், பில்லிலோ மொத்த எடை. "மீதி மரத்துக்குப் பேப்பர் எங்கே?" என்றார். நியாயமான கேள்விதான்.

பதிலும் என்னிடம் இருந்தது. 2022-இல் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் சீஷத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்தது: ஒவ்வொரு பொருளும் 10 கிலோவுக்குள் இருந்தால், ஒரே சரக்கில் எத்தனை பொருள் போனாலும் சைட்டிஸ் அனுமதி வேண்டாம். ஈட்டிக்கு அந்தச் சலுகை இல்லை, அதற்கு முழுச் சரக்குக்கும் சேர்த்தே 10 கிலோ. நான் அரசின் அறிவிப்பைப் பிரின்ட் எடுத்து நீட்டினேன். "இது சீஷம்தான்னு நான் எப்படி சார் சொல்ல முடியும்? வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துல சொல்லட்டும்" என்றார்.

அங்கே போனால், சுங்கத்திலிருந்து கடிதம் வராமல் பெட்டியைத் திறக்க முடியாது என்றார்கள். திரும்பி வந்து கடிதம் கேட்டால், "அவங்க கேட்டா அனுப்புவோம்" என்றார் கிளார்க். இறக்குமதிக்கு 2016-லேயே, எல்லாத் துறை அனுமதியையும் ஒரே இடத்தில் கேட்கிற ஒற்றைச் சாளரம் வந்து, இந்தப் பணியகத்தையும் அதில் சேர்த்தாயிற்று. எனக்கு வாய்த்தது இரண்டு மேசையும் நடுவில் ஒரு ஆட்டோவும். கிடங்கு வாடகை தனியாக ஏறிக்கொண்டிருந்தது. பிடித்து வைத்திருந்த கப்பலும் போய்விட்டது.

கடைசியில் கிளார்க்கை விட்டுவிட்டு மேலதிகாரியைப் பார்த்தேன். சரக்கின் விவரம், சந்தேகம் என்ன, யார் வந்து பார்க்க வேண்டும், எல்லாம் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதன் ஓரத்திலேயே குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுநாளே இரண்டு துறைக்காரர்களும் ஒரே நேரத்தில் கிடங்கில் நின்றார்கள்!

பணியகத்து இன்ஸ்பெக்டர் விஷயம் தெரிந்தவர். தட்டுகளைக் கவிழ்த்து, பாலிஷ் போடாத அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஈட்டியின் கருஊதா ரேகையும் சீஷத்தின் பழுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே தெரிந்தது. அடிப்பக்கத்துக்கும் பாலிஷ் போட்டு மின்ன வைத்திருந்தால் அன்றைக்குத் தேறியிருக்காது. எனவே ஒவ்வொரு பொருளிலும் ஓரிடத்தையாவது பாலிஷ் போடாமல் விடச் சொல்லுங்கள்.

பித்தளைப் பதிப்பு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 10 கிலோ கணக்கு மரத்துக்கு மட்டும்தான், உலோகம் சேராது. மர எடையைத் தனிக் கட்டத்தில் காட்டுங்கள். ஷிப்பிங் பில்லை ஏற்றுவதற்கு முன்னால் அதன் செக்லிஸ்டை (சரிபார்க்கும் நகல்) வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள். எங்கள் ஏஜென்ட் அதை அனுப்பவே இல்லை, கேட்டதற்கு "வழக்கமா போடுறதுதானே சார்" என்றார். கிடங்கு வாடகையில் பாதியாவது அவர் தலையில் கட்டாமல் விடுவதாக இல்லை.