கால் நனைந்த பிறகுதான் தண்ணீர் நின்றது

"ஆண்டவரே, அவனை மன்னிக்க எனக்குப் பெலன் இல்லை. பெலன் கொடும், மன்னிக்கிறேன்." நம்மில் பலர் இப்படித்தான் ஜெபிக்கிறோம். கேட்பதில் தப்பில்லை, வரிசையில்தான் சிக்கல். வேதத்தில் கட்டளைக்குரிய பெலன் பெரும்பாலும் முன்கூட்டியே கைக்கு வருவதில்லை, கீழ்ப்படியும்போதுதான் வருகிறது.

யோசுவா 3ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேல் ஜனங்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து கானானுக்குள் போக வேண்டும். அறுப்புக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஆற்றை நிறுத்தும்படி ஆசாரியர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்துகொண்டு தண்ணீரின் ஓரம்வரை போய் ஆற்றில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஜனங்கள் பின்னால் 2,000 முழ இடைவெளியில், அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி வர வேண்டும். ஆகவே முதலில் நனைவது ஆசாரியர்களின் கால்தான். கால் நனைந்ததும் தண்ணீர் நின்றது. ஆனால் அது குவியலாக நின்ற இடம் அவர்கள் எதிரில் இல்லை, ஆற்றின் மேற்பக்கம் தூரத்தில், ஆதாம் ஊரருகே. தேவன் செய்த வேலை அவர்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தது.

முடியவே முடியாது என்று தோன்றும் கட்டளையில் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிவினைதான். எது என் கால், எது அவருடைய ஆறு? வசனத்தை ஒரு தாளில் எழுதி, அது உங்களைச் செய்யச் சொல்வதன் அடியில் கோடு போடுங்கள். பிறகு, வசனத்தில் இல்லாமல் நீங்களாகச் சேர்த்துக்கொண்டவற்றை அடித்துவிடுங்கள். பாதிப் பாரம் அங்கேயே குறைந்துவிடும்.

லூக்கா 17:3-4ஐ எடுத்துக்கொள்வோம். குற்றம் செய்தவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னித்துவிடு, ஒரே நாளில் ஏழு தரம் வந்தாலும் மன்னித்துவிடு. நடந்ததை மறந்துவிடு என்று அங்கே இல்லை. அவனிடம் மறுபடியும் பணப்பொறுப்பைக் கொடு என்று இல்லை. போலீஸ் புகாரை வாபஸ் வாங்கு என்றும் இல்லை. (அடிவாங்கும் பெண்ணிடம் "மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா" என்று ஆலோசனை சொல்பவர்கள் இந்த வசனத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.) இதைக் கேட்ட அப்போஸ்தலர்கள், "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்றார்கள். நம்முடைய அதே ஜெபம்! இயேசு அதிக விசுவாசத்தை அள்ளிக் கொடுக்கவில்லை. கடுகுவிதையளவு போதும் என்றார்.

அந்தக் கடுகளவுக்கு இன்றைக்குச் செய்யக்கூடிய வடிவங்கள் மூன்று உண்டு. அவனைப் பற்றிய கதையை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பது. அனுப்பக் காத்திருக்கும் அந்தக் காரமான மெசேஜை அழிப்பது. மத்தேயு 5:44 சொல்கிறபடி, அவன் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபிப்பது. மூன்றுக்கும் மனசு ஒத்துழைக்க வேண்டிய அவசியமில்லை, வாயும் விரலும் போதும்.

யூதர்களை ஒளித்துவைத்ததற்காக நாசிகளால் சிறைபட்ட டச்சு விசுவாசி கோரி டென் பூம் சொன்ன சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். ராவென்ஸ்புரூக் என்ற நாசி வதைமுகாமில் அவருடைய அக்கா பெட்சி 1944இல் இறந்துபோனார். 1947இல் மியூனிக் நகர ஆலயம் ஒன்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அதே முகாமின் பழைய காவலாளி ஒருவர் வந்து கையை நீட்டினார். கோரி அந்தக் கையைப் பிடிக்காமல் தம் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். உள்ளே அன்பு துளியும் இல்லை. கையை உயர்த்த என்னால் முடியும், உணர்வை நீர் கொடும் என்று ஜெபித்துவிட்டு இயந்திரம்போலக் கையை நீட்டினார். உணர்வு அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். மன்னித்து இரண்டு நாளில் கசப்பு திரும்பி வந்துவிடும். உடனே "அன்றைக்கு மன்னித்தது பொய்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். 1 இராஜாக்கள் 17இல், பஞ்சகாலத்தில் எலியாவுக்கு அப்பம் கொடுத்த சாறிபாத் விதவையின் பானையில் ஒருநாளும் மாவு நிரம்பி வழிந்ததாக எழுதியில்லை, செலவழிந்துபோகவில்லை என்றுதான் இருக்கிறது. அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு இருந்தது. கசப்பு திரும்பினால் அதே சிறிய செயலை மறுபடி செய்வதுதான் வழி.

இன்னொரு சறுக்கல், நம் சொந்தத் திட்டத்துக்குக் கட்டளை என்று பெயர் வைப்பது. எண்ணாகமம் 14இல் ஜனங்கள் முதலில் கானானுக்குப் போக மறுத்தார்கள். மறுநாள், போகவேண்டாம் என்று மோசே தடுத்தும், உடன்படிக்கைப் பெட்டி பாளயத்திலேயே இருக்க, மலையேறினார்கள். ஓர்மா என்ற இடம்வரை முறியடிக்கப்பட்டார்கள். தைரியத்துக்குக் குறைவில்லை, கட்டளைதான் இல்லை.

விடமுடியாத பழக்கங்களுக்கு 1 கொரிந்தியர் 10:13. சோதனையோடு தப்பிக்கொள்ளும் போக்கும் உண்டு என்கிறது. அந்தப் போக்கு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே இருக்கும், உச்சத்தில் தேடினால் கண்ணில் படாது. இரவில் போன் வலையில் விழுகிறவர், படுக்கையில் போராடுவதைவிட மாலையிலேயே போனை வேறு அறையில் வைப்பது மேல். குடி உடம்பையே பிடித்திருந்தால், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் ஆகாது.

எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதிலும் இதே முறைதான். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது. 100 எடுத்திருந்தால் 120. வரிவசூலிப்பவனான சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருவதாகச் சொன்னது அவனாக முன்வந்து சொன்னது. கையில் அவ்வளவு இல்லையென்றால், மொத்தத் தொகையை உரியவரிடம் நேரில் சொல்லி, இருப்பதை முதல் தவணையாகக் கொடுத்துவிட்டு, அடுத்த தவணைக்குத் தேதி குறித்துக்கொடுங்கள். தொகையைக் குறைத்துச் சொல்லிவிட்டு மீதிக்கு அற்புதம் கேட்காதீர்கள்.