'முன்னேற்றம் இல்லை' என்று நிறுத்திய பிசியோதெரபியைத் திரும்ப வாங்கிய அனுபவம்

பக்கவாதத்துக்குப் பிறகு நடைப்பயிற்சியில் இருந்த என் நோயாளிக்கு மேற்கொண்டு சிகிச்சை தர காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. போராடி வாங்கியாயிற்று, ஆனால் கோபம் இன்னும் அடங்கவில்லை. இதே மாதிரி கடிதத்தோடு நிற்கும் சக பிசியோதெரபிஸ்டுகளுக்காக எழுதுகிறேன்.

முதல் அனுமதி சிக்கலில்லாமல் வந்தது. நீட்டிப்பு கேட்டபோதுதான் வினை. "குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை, வீட்டுப் பயிற்சியே போதும்" என்று ஒரே வரியில் பதில். எந்த விதிப்படி, யார் பார்த்து முடிவெடுத்தார்கள், ஒன்றும் இல்லை. போன் செய்தால், "கை கால் பிடித்துவிடுவதுதானே, வீட்டு ஆட்களே செய்யலாமே" என்கிறார் எடுத்தவர். ஒரு பக்கம் செயலிழந்தவரை விழாமல் எடை மாற்றி நிற்க வைப்பதும், எப்போது கைத்தடியை விடலாம் என்று தீர்மானிப்பதும் பிடித்துவிடுகிற வேலையா?

அவரிடம் வாதாடிப் பயனில்லை. மறுப்புக்கான காரணத்தை விதி எண்ணோடு எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதியையும் கேளுங்கள். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எடுப்பவர் "அப்படி எதுவும் பதிவாகவில்லையே" என்பார். என்னிடம் சொன்னார்கள்.

"நன்றாக ஒத்துழைக்கிறார், சிகிச்சை தொடர வேண்டும்" போன்ற வரிகளுக்கு மேல்முறையீட்டில் மதிப்பே கிடையாது. எண் வேண்டும். பத்து மீட்டர் நடக்க இவருக்குத் தொடக்கத்தில் 24 விநாடி ஆனது, மறுபரிசோதனையில் 16. அதாவது விநாடிக்கு 0.42 மீட்டரிலிருந்து 0.63 மீட்டர். பக்கவாதம் வந்த முதல் இரண்டு மாதங்களில் வேகம் 0.16 கூடினாலே அது நோயாளிக்குப் பயன்தரும் மாற்றம் என்று 2010இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. அதை இணைத்தேன்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இதோடு நிறுத்தினால் "அதான் முன்னேறிவிட்டாரே" என்று அடுத்த மறுப்பு வரும். வெளியில் தாராளமாக நடமாட விநாடிக்குச் சுமார் 0.8 மீட்டர் வேகம் வேண்டும், பெர்க் சமநிலை அளவுகோலில் இவர் 56க்கு 38தான், விழும் அபாயம் இன்னும் இருக்கிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதினேன். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு முறையும் ஒரே மாதிரி அளந்திருக்க வேண்டும். ஒரு முறை கைத்தடியோடும் மறுமுறை இல்லாமலும் அளந்தால் ஒப்பீடு செல்லாது.

இவ்வளவு செய்தும் கோப்பு திரும்பி வந்தது. மருத்துவர் கையெழுத்திட்ட தேதி மறுபரிசோதனைத் தேதிக்கு முந்தையதாம்! மறுபடி அவரிடம் ஓடி, மறுபடி அனுப்பி... அதற்குள் பயிற்சி நின்றுபோய், நோயாளிக்குக் கெண்டைக்கால் இறுக ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், பிசியோதெரபி தெரிந்த ஒருவரே கோப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். அதுதான் திருப்பம். அப்படி ஒருவர் போனில் பேசினார்; நேராக நடைவேகத்தைக் கேட்டார், கணுக்கால் பட்டையைப் பற்றிக் கேட்டார், சில நிமிடங்களில் முடிந்தது. கேட்டதைவிடக் குறைவான அமர்வுகள்தான், ஆனால் அனுமதி வந்தது.

உங்களிடமுள்ள மறுப்புக் கடிதங்களை, நோயாளி விவரங்களை மறைத்து, உங்கள் தொழில்முறைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பிசியோதெரபி மறுப்பை பிசியோதெரபிஸ்ட்தான் பரிசீலிக்க வேண்டும் என்ற கோரிக்கையை என் சங்கத்தில் வைத்திருக்கிறேன். தனி ஆளின் புகாரைத் தட்டிக்கழித்துவிடுவார்கள். ஒரே வரி பல கடிதங்களில் அப்படியே இருப்பதைக் காட்டினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.