ஹெட் ஸ்டெடி மாத்தியாச்சு

அப்பாவோட 1984 புல்லட் 350-க்கு ஒருவழியா ஹெட் ஸ்டெடி, அதாவது இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டையும் ஃபிரேமையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையை, மாத்தியாச்சு. டேங்கைக் கழட்டிப் பார்த்தா, பழைய பட்டையில போல்ட் ஓட்டை பக்கத்துல மயிரிழை விரிசல். ஒரு மாசமா ஹேண்டில் அதிர்ந்து கை மரத்துப் போனதுக்கு இவர்தான் காரணம்!

வெளிய வாங்கின புதுசு நல்ல கெட்டித் தகடு. ஆனா ஓட்டை 2 மி.மீ. தள்ளி நிக்குது. "கம்பி விட்டு நெம்புனா உக்காந்துரும் சார்"னார் மெக்கானிக். நான் விடலை. நெம்பி மாட்டினா இன்ஜின் இழுபட்டே நிக்கும், தகடு மறுபடி விரியும். உருண்டை அரம் போட்டு ஓட்டையை நீளமாக்கி, இடைவெளிக்கு வாஷர் கொடுத்து, கீழ் மவுண்டிங் போல்ட்டெல்லாம் இறுக்கின பிறகு கடைசியாத்தான் இதை இறுக்கினோம்.

இப்ப 60-ல போனாலும் பின்னாடி வர்ற லாரி கண்ணாடியில ஒத்தை லாரியாவே தெரியுது. 70 தாண்டினா பழைய ஆட்டம்தான். ஒத்தை சிலிண்டர், வேற என்ன செய்யும்?