நீலக் குறி மட்டும்

ஜூலை 7, 2025, திங்கள்

திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் எழுதிவரும் இருப்புக் கணக்கு மென்பொருளில், சாயப் பட்டறைக்குப் போய்த் திரும்பும் துணியின் எடைக் குறைவை எத்தனை சதவீதம் வரை ஏற்றுக்கொள்வது என்று கேட்டு இன்றோடு 19 நாட்கள் ஆகின்றன. மூன்று மின்னஞ்சல்களும் இரண்டு வாட்ஸ்அப் செய்திகளும் அனுப்பியாயிற்று; நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அந்த எண் இல்லாமல், துணியை வெளிப் பட்டறைக்கு அனுப்பி வேலை செய்து வாங்கும் ஜாப் ஒர்க் பகுதி நகராது என்பதால், இரண்டு பொறியாளர்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

கறாராக ஒரு கடிதம் அனுப்பும்படி எங்கள் நிறுவனத் தலைவர் சொன்னார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 67ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது: வேலையைச் செய்ய வேண்டிய வசதியை வேலை கொடுத்தவரே செய்துதரத் தவறினால், அதனால் நேரும் குறைக்கு வேலையை ஏற்றவர் பொறுப்பாக மாட்டார். பழுதுபார்க்க வந்தவரிடம் எங்கே பழுது என்று காட்டாத வீட்டுக்காரரைத்தான் அந்தப் பிரிவே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. படிக்க ஆறுதலாக இருந்தது. ஆனால் கடிதம் வழக்குக்கு உதவுமே தவிர, வேலை முடிய உதவாது. "பதில் கிடைத்த நாளிலிருந்து பத்து வேலை நாட்களில் இப்பகுதியை ஒப்படைப்போம்" என்று தேதியிட்டு ஒரு வரி மட்டும் அனுப்பினேன்.

பிறகு என் பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபோது கூச்சமாக இருந்தது. ஆங்கிலத்தில் பதினொரு கேள்விகளை ஒரே மூச்சில் அடுக்கி, பனியன் நிறுவன முதலாளிக்கு எழுதி, ஐந்து பேருக்கு நகல் வைத்திருக்கிறேன். முதலாளி மின்னஞ்சல் பார்ப்பவர் அல்லர். அதைப் பார்க்கும், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கோ முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை.

ஜூலை 12, சனி

மாலையில் முதலாளியை அழைத்தேன், எடுக்கவில்லை. வாரச் சம்பளம் போடும் சனிக்கிழமை மாலையில் பனியன் கம்பெனிக்குப் போன் செய்தது என் புத்தி.

ஜூலை 15, செவ்வாய்

நேரிலேயே போய்விட்டேன். மேம்பாலப் பணி நடந்துகொண்டிருந்த கோவை அவிநாசி சாலையில் பீளமேட்டிலிருந்து கோல்டுவின்ஸைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பொறுமை தீர்ந்துவிட்டது.

கேள்விகளை ஆள்வாரியாகப் பிரித்துக்கொண்டு போனது பயன் தந்தது. ஆறு கேள்விகளுக்குத் துணிக் கிடங்கின் மேலாளர் நின்றபடியே விடை சொன்னார். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஜிஎஸ்டி விதிக்கு எத்தனை நாள் முன்னதாக எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது உட்பட நான்கைக் கணக்காளர் முடித்துவைத்தார். எடைக் குறைவு மட்டும் மிஞ்சியது. மேலாளர் தம் நோட்டைக் காட்டினார்: பட்டறைக்குப் பட்டறை, நிறத்துக்கு நிறம், துணிக்குத் துணி எண் மாறுகிறது. நானோ ஒரே எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

டீ வந்த பிறகு முதலாளியிடம் அதை மெல்ல எடுத்தேன். "தம்பி, ஒரு பட்டறைக்கு நான் ஒத்துக்கற கணக்கு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா, அடுத்த லோடுல எல்லாரும் அதையே கேப்பாங்க. அஞ்சு பேரு படிக்கற மெயில்ல அதை எப்படிங்க எழுதறது?" என்றார். அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று 27 நாட்களாக நான் எண்ணியிருந்தேன். அவரோ தம் வியாபாரத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஜூலை 16, புதன்

எண்ணைக் கேட்பதையே விட்டுவிட்டோம். பட்டறைவாரியாக, நிறவாரியாக முதலாளி தம் கடவுச்சொல்லைக் கொண்டு தாமே நிரப்பும் அட்டவணை ஒன்றைச் சேர்ப்பதாகவும், மற்றவர்களுக்கு "வரம்புக்குள்", "வரம்பு மீறல்" என்று மட்டுமே தெரியும் என்றும் தமிழில் மூன்று வரி எழுதி, "இப்படிச் செய்யலாங்களா?" என்று வாட்ஸ்அப்பில் அவருக்கு மட்டும் அனுப்பினேன். எட்டு நிமிடத்தில் "செய்ங்க" என்று பதில் வந்தது.

ஜூலை 30, புதன்

சொன்னபடியே பத்தாம் வேலை நாளான நேற்று அப்பகுதியை ஒப்படைத்தோம். இன்று காலை 6.40 மணிக்கே அட்டவணை முழுவதும் நிரப்பப்பட்டிருப்பதைப் பதிவேடு காட்டுகிறது. எண்கள் என்னவென்று எனக்குத் தெரியாது.